நல்லாயிருக்கான் என்று நான் சொன்னது

என் பாசத்துக்கும் கோபத்துக்கும் ஒரே மாதிரி பாத்தியப்பட்ட முருகேசு மச்சானுக்கு,

நீ போய் நாலு வருஷம் ஆகிறது. இந்த நாலு வருஷத்தில் உன்னைத் திட்டாமல் நான் இருந்த நாள் குறைவு. கொச்சியில் தண்ணி லாரி ஓட்டுகிறவனுக்குத் தனியாகப் பேச நேரம் நிறையக் கிடைக்கும். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் உன்னோடு சண்டை போட்டிருக்கிறேன். பக்கத்து வண்டிக்காரர்கள் நான் போனில் பேசுவதாக நினைத்திருப்பார்கள்.

ஆனால் எழுதிப் பேசுவது இதுதான் முதல் தடவை. கொச்சியில் வேலை பார்க்கும் நம் எஸ்டேட் பிள்ளைகள், மேலே மலையில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் இருக்கிறவர்கள், எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். உன் குட்டும் என் குட்டும் சேர்ந்தே உடையப்போகிறது. கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொண்டாலும் நீ என்ன செய்துவிடப் போகிறாய்?

முதலில் வீட்டுச் செய்தி. உன் தங்கச்சி ராணி நன்றாக இருக்கிறாள் என்று எழுதிவிட்டு, அதை அடித்தேன். அந்த வார்த்தையை இப்போதெல்லாம் நான் சும்மா போடுவதில்லை. அவளுக்கு முழங்கால் வலி. பேச்சில் சூடு முன்னைவிட அதிகம். உன் நினைவு நாள் நெருங்கினால் இரண்டு நாள் யாரோடும் பேசமாட்டாள். உன் மருமகன் உன்னை மாதிரியே பந்து ஆடுகிறான், உன்னை மாதிரியே கணக்கில் கோட்டை விடுகிறான். இதுதான் எங்கள் நிலவரம்.

இனி பெரட்டுக் கதைக்கு வருகிறேன். உனக்குத் தெரியாத பெரட்டா? கொழுந்தெடுக்கப் போகிறதுக்கு முன்னால் எல்லோரையும் களத்தில் நிறுத்தி, கங்காணி ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவாரே, அதேதான். நீ போன பிறகு அதை நான் கொச்சியில் ஆரம்பித்தேன். போனில் ஒரு குழு. ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி, ஓட்டல் என்று சிதறிக் கிடக்கிற நம் ஆட்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். தினமும் காலை ஏழு மணிக்கு நான் பேர் கூப்பிடுவேன். எல்லோரும் ‘வந்தாச்சு’ என்று போட வேண்டும். எட்டு மணிவரை ஒருவர் பதில் போடவில்லை என்றால், பக்கத்தில் இருக்கிறவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

ஏன் இதெல்லாம் என்று கேட்டவர்களிடம், "எங்க மச்சானுக்கு நெஞ்சுவலி வந்தப்ப பக்கத்துல ஆளில்லாமப் போச்சு, அதான்" என்று சொல்லி வைத்தேன். ஊரெல்லாம் நான் சொன்ன அதே கதை. உன் அம்மாவிடம் சொன்ன கதையும் அதே; பக்கத்தில் டாக்டரே இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று மட்டும் அவளிடம் சேர்த்துச் சொன்னேன். உண்மை அப்போது எனக்கும் ராணிக்கும் மட்டும் தெரியும்.

ராணிக்கும் தெரியாத ஒன்று இருந்தது. அதை இப்போது எழுதுகிறேன்.

கடைசி மாதத்தில் நீ ஓட்டல் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாய். நான் உன் அறைக்கு வந்தால் படுத்தே கிடப்பாய். தாடி, சாப்பிடாத பொட்டலம், பேசினால் இரண்டே வார்த்தை. "ராணிகிட்டச் சொல்லாத மாப்ள. அம்மா கேட்டா நல்லாயிருக்கான்னு சொல்லிரு" என்றாய். நானும் சொன்னேன். ராணி கேட்டபோது சொன்னேன். அத்தை மலையிலிருந்து போன் போட்டுக் கேட்டபோதும் சொன்னேன். கள்ளத்தனமாகச் சொல்லவில்லை மச்சான், பாசமாகத்தான் சொன்னேன். நாம் வளர்ந்த விதம் அது. பெரட்டில் ஒருவர் வரவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்காரர் "பின்னாடி வர்றான் சார்" என்று குரல் கொடுத்துவிடுவார். இல்லையென்றால் அவனுக்கு அன்றைய வேலை போய்விடுமே. அப்படிக் குரல் கொடுக்காதவனை நம் லயத்தில் யாராவது மனுஷன் என்று மதித்தார்களா?

பிறகு ஒரு நாள் உன் பந்து விளையாடும் பூட்ஸை என்னிடம் கொடுத்து, "பையன் வளந்தாப் போடட்டும்" என்றாய். எஸ்டேட் டீமுக்கு நீ கோல் போட்ட பூட்ஸ். தொடக்கூட விடமாட்டாயே. நான் என்ன செய்தேன் தெரியுமா? "தொரைக்கு தொப்பை வந்துருச்சு, இனி எங்க ஆடப் போறீக" என்று கிண்டல் செய்து வாங்கிக்கொண்டேன். சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

போகட்டும். போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன்.

நம் மூணாம் நம்பர் லயத்துச் செல்வி ஞாபகம் இருக்கிறதா? நீ ஊரை விட்டு இறங்கும்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இப்போது கல்யாணமாகி, புருஷன் விட்டுப் போய், பெண் குழந்தையை மேலே மாமியாரிடம் விட்டுவிட்டு, இங்கே ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறாள். நிற்கிறாள் என்றால் நாள் முழுக்க நிற்கிறாள். அவளோடு அறையில் இருப்பது லட்சுமி, அதே கடைதான். செல்விக்குச் சரியாகத் தூக்கம் வந்து பல வாரம் ஆகிறது என்று பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. இதுதான் காரணம் என்று ஒன்றைக் கைகாட்ட நான் தயாராக இல்லை. உன் விஷயத்திலும் அப்படி ஒன்றைத் தேடித் தேடித்தான் அலுத்துப் போனேன்.

அன்று காலை பெரட்டில் எல்லோரும் வந்தாச்சு. லட்சுமி ‘நானும் செல்வியும் வந்தாச்சு’ என்று போட்டிருந்தாள். நானும் நிம்மதியாக லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பதினோரு மணி இருக்கும். டேங்க் நிறைய தண்ணியோடு காக்கநாடு பக்கம் ஒரு அடுக்குமாடிக்குப் போய்க்கொண்டிருந்தேன். கடையிலிருந்து லட்சுமி போன் போட்டாள். ஊருக்கு யாராவது போனால் ஒரு பை கொடுத்துவிட வேண்டும் என்றாள்.

"என்ன பை?"

"செல்வி குடுத்ததுண்ணே. பாப்பாவுக்காம். அவளோட வளையலு, போட்டோவு எல்லாம் வச்சிருக்கா. எனக்குக்கூட அந்தப் பச்சப் பட்டக் குடுத்துட்டா. என்னன்னே தெரியல, நேத்துலருந்து நல்ல மனசா இருக்கா."

எனக்கு உன் பூட்ஸ் ஞாபகம் வந்தது.

"அவ எங்க இப்ப?"

"ரூம்லதாண்ணே. லீவு போட்டுட்டா."

"காலைல அவ வந்தாச்சுன்னு சொன்னாளா, இல்ல நீயே போட்டியா?"

"அவ சொவரப் பாத்துப் படுத்திருந்தாண்ணே. தூங்கட்டும்னு நானே சேத்துப் போட்டுட்டேன். நீங்க ஆளு அனுப்புனா அவளுக்குக் கோவம் வரும்ல."

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. எந்த வாயை வைத்துக்கொண்டு திட்டுவேன்?

செல்விக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. அவர்கள் அறை இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் ஒரு மலையாளத்துச் சேச்சி. அவர் நம்பரை வாடகைக்குப் பேசும்போது வாங்கி வைத்திருந்தேன். அவருக்குப் போட்டேன்.

"சேச்சி, மேல செல்வி ரூம்ல போய்க் கதவத் தட்டுங்க. இப்ப, இந்த நிமிஷம் போங்க."

படியேறும் சத்தம், கதவு தட்டும் சத்தம், எல்லாம் எனக்குப் போனில் கேட்டது. உள்ளேயிருந்து ஏதோ குரல். மச்சான், அந்தக் குரல் கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணி முட்டியது. இருக்கிறாள்.

சேச்சி என்னிடம் சொன்னார்: "அவள் உறங்குவாணு. ஒரு கொழப்பமும் இல்லான்னு பறஞ்ஞு. ஞான் போட்டே?" தூங்குகிறாளாம், ஒன்றுமில்லையாம், இவர் கிளம்பட்டுமா என்று கேட்கிறார்.

"போகாதீங்க சேச்சி! அவ அப்படித்தான் சொல்லுவா. நான் வர்றவரைக்கும் அவகிட்ட எதாச்சும் பேசிக்கிட்டே இருங்க. பதில் சொல்லாட்டியும் பேசுங்க."

"எந்து பறயான்?"

"எது வேணா. உங்க பூனையப் பத்திச் சொல்லுங்க."

நல்ல மனுஷி. மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. "மோளே, கேட்டோ, நம்மட பூச்சை இந்நலெ…" என்று ஆரம்பித்துவிட்டார்.

ராணியைக் கூப்பிட்டு நேராக அங்கே வரச் சொன்னேன். பிறகு லாரியைத் திருப்பினேன். தண்ணி நிறைந்த டேங்கர் எப்படிப் போகும் என்று உனக்குத் தெரியாது. பிரேக் போட்டால் தண்ணி முன்னால் வந்து தள்ளும், திருப்பினால் ஒரு பக்கம் சாயும். பாலத்தில் வண்டிகள் அப்படியே நிற்கின்றன. வால்வைத் திறந்து தண்ணியை ரோட்டில் விட்டுவிட்டால் வேகமாகப் போகலாமா என்று யோசித்தேன். இறங்கித் திறக்கும் நேரத்தில் வண்டிகள் நகர்ந்துவிட்டால்? அப்படியே ஊர்ந்து போனேன். நீ போன அன்று உன் அறைக்கு நான் எவ்வளவு மெதுவாக வந்தேன் என்பது அந்தப் பாலத்தில் எனக்கு ஞாபகம் வந்தது. என்ன அவசரம் என்று வழியில் டீ குடித்துவிட்டு வந்தேன் மச்சான். இதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

செல்வி இருக்கும் சந்து ஒரு கார் போனாலே உரசும். அதன் வாயிலேயே லாரியைப் போட்டுவிட்டு இறங்கி ஓடினேன். முன்னாலும் பின்னாலும் ஹாரன். ஒருவர் என் குலத்தையே இழுத்துத் திட்டினார்.

மாடியில் சேச்சி படியில் உட்கார்ந்து இன்னும் பேசிக்கொண்டிருந்தார். பூனை முடிந்து கேஸ் சிலிண்டருக்கு வந்திருந்தார். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. நான் கதவை ஒட்டித் தரையில் உட்கார்ந்தேன்.

"செல்வி, நான் சின்னத்துரை அண்ணன்."

கீழே ஹாரன் ஓயவில்லை. பிறகு மெலிந்த குரலில், "அண்ணே, லாரிய எடுங்க. எல்லாரும் ஏசுறாங்க."

"ஏசட்டும். நீ வெளிய வா, ரெண்டு பேரும் சேந்து ஏச்சு வாங்குவோம்."

அவள் சிரிக்கவில்லை. நீ போன பிறகு நான் அரசு ஆஸ்பத்திரியில் மனம் உடைந்தவர்களிடம் எப்படிப் பேசுவது என்று ஒரு நாள் வகுப்புக்குப் போயிருந்தேன். சந்தேகம் வந்தால் சுற்றி வளைக்காமல் நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது என்று டாக்டரம்மா சொன்னார். கேட்டதெல்லாம் சரி. வாயைத் திறக்க எனக்கு எவ்வளவு நேரமானது தெரியுமா?

"செல்வி, செத்துப் போயிரணும்னு நெனைக்கிறியா?"

உள்ளே மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அழுகை. வெகு நேரம் அழுதாள். அப்புறம் அவள் சொன்னது இது:

"ஒங்களுக்கு என்னண்ணே தெரியும்? முருகேசண்ணனுக்கு நெஞ்சுவலி வந்துச்சு, போயிட்டாரு. நல்ல மனுசங்களுக்கு அப்பிடித்தான் வரும். நம்ம லயத்துல இப்பிடிப் பாழாப்போன நெனப்பு வந்தவ நான் ஒருத்திதான். யாருகிட்டச் சொல்ல?"

நான் சொன்ன பொய் நாலு வருஷம் கழித்து அந்தக் கதவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தது மச்சான். உன் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று ஊரெல்லாம் சொன்னேன். அது அவளைத் தனி ஆளாக்கிவிட்டது.

என் பின்னால் சேச்சி நின்றார். படியில் ராணி வந்து நின்றாள். கீழே சந்து முழுக்க ஜனம். எனக்கு யாரும் கண்ணில் படவில்லை.

"அவனுக்கு நெஞ்சுவலி வரல செல்வி. அவனும் உன்ன மாதிரித்தான் இருந்தான். ஒரு மாசமா இருந்தான். எனக்குத் தெரியும். ராணி கேட்டா, அத்தை கேட்டுச்சு, நல்லாயிருக்கான்னு நான்தான் சொன்னேன். அவன் போனதுக்கப்புறமும் பொய் சொன்னேன். நீ ஒருத்தி இல்ல."

பின்னால் படிக்கட்டுக் கம்பியில் ராணியின் வளையல் மோதும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

கீழே ஹாரன் நின்றிருந்தது. செல்வி கதவுக்கு அருகே வந்து, "அவருமாண்ணே?" என்றாள்.

"அவனும்தான்."

தாழ் திறந்தது. சேச்சிதான் முதலில் உள்ளே போய் அவளைக் கட்டிக்கொண்டார்.

அப்புறம் ஆட்டோ, ஆஸ்பத்திரி, டாக்டர். செல்வி இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறாள். மருந்து சாப்பிடுகிறாள். வாரம் ஒருமுறை ராணியோ நானோ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறோம். தனியாக இருக்கும்போது மனம் தடுமாறினால் கூப்பிட இலவச எண் ஒன்று கொடுத்திருக்கிறார்கள், அதை அவளே இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறாள். எல்லாம் சரியாகிவிட்டதா என்று கேட்டால், இல்லை. சில நாள் "ஏன் வந்தீங்க" என்று என் முகத்தில் அடித்த மாதிரி கேட்பாள். சில நாள் மகளோடு போனில் பேசிவிட்டுச் சிரிப்பாள். இரண்டு நாளையும் வைத்துக்கொண்டுதான் போகிறோம்.

லட்சுமி அழுது தீர்த்துவிட்டாள். அவளிடம் நான் சொன்னேன், "நீ செஞ்சத நானும் செஞ்சேன். நீ அந்த வளையல் பையப் பத்தி எனக்குப் போனாச்சும் போட்ட. எனக்குப் பூட்ஸு கையில இருந்தும் புரியல." இப்போது பெரட்டில் யாருக்கும் யாரும் பதில் போடக்கூடாது. அவரவர் குரலில் சொல்ல வேண்டும். ‘வந்தாச்சு’ மட்டும் போதாது, ராத்திரி தூங்கினாயா என்றும் கேட்கிறேன். தூங்கவில்லை என்று சொல்ல இப்போது நாலைந்து பேருக்குத் துணிச்சல் வந்திருக்கிறது.

ராணி என்னோடு ஒன்பது நாள் பேசவில்லை. பத்தாவது நாள் சோறு போட்டுவிட்டு, "அம்மாகிட்ட நீயே போய்ச் சொல்லு" என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மேலே போனேன். அத்தை வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னேன். டீ குடித்ததையும் சொன்னேன். அவள் கை நிற்கவே இல்லை. கீரை தீர்ந்த பிறகும் வெறும் காம்பை உருவிக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவன் நெஞ்சு நல்லாத்தான் இருந்துச்சா?"

"ஆமா அத்தை."

"டாக்டரே ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னு நீதான சொன்ன?"

"ஆமா அத்தை."

"அதச் சொல்லிச் சொல்லித்தானடா நான் இந்த நாலு வருசத்த ஓட்டுனேன்." சத்தம் போடவில்லை. "நல்லாயில்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா மொத பஸ்ஸுக்கு எறங்கி வந்திருப்பனே. அவன் பக்கத்துலயே கெடந்திருப்பனே. வந்திருக்க மாட்டேனாடா?"

நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் என்னைத் தூக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. வெகு நேரம் கழித்து, "அந்தப் புள்ள எங்க இருக்கு?" என்று கேட்டாள். எங்கள் வீட்டில் என்றேன். எழுந்து உள்ளே போனாள். இரண்டு சேலையையும் தைலப் பாட்டிலையும் ஒரு பையில் திணித்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் இருவரும் இறங்கினோம். வழியெல்லாம் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் வீட்டுப் படியேறியதும் செல்வியிடம் போய் உட்கார்ந்து, "நல்லாயிருக்கேன்னு எங்கிட்டச் சொல்லாத தாயி. எப்பிடி இருக்கோ அப்பிடிச் சொல்லு" என்றாள். செல்வி அவள் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். நீ வைத்திருக்க வேண்டிய மடி அது. நான் வெளியே போய் லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

அத்தை இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. பேசுவாளா என்று தெரியாது. எனக்கு அது வேண்டியதுதான்.

சரி மச்சான், உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நீ எப்படிப் போனாய் என்று இனி யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்வேன். வெட்கப்பட்டு இல்லை, உன்னைத் தூக்கிப் பேசியும் இல்லை. வலியில் இருந்தான், வீட்டில் மற்றவர்களுக்குத் தெரிந்திருந்தால் உடன் இருந்திருப்பார்கள், நான்தான் மறைத்தேன் என்று சொல்வேன். சொல்லாதே என்று கெஞ்சுகிறவர்கள் இனியும் என்னிடம் வருவார்கள். அவர்கள் என்னை ஜென்மத்துக்கும் வெறுத்தாலும் பரவாயில்லை, அவர்களுடைய அம்மாவுக்கு அன்றைக்கே போன் போடுவேன்.

அன்றைக்கு உன் அம்மாவுக்குப் போன் போடாத,
உன் தங்கச்சி புருஷன்,
சின்னத்துரை